சைட் வாரியாக ஒப்பந்தக்காரர்கள், பட்டுவாடா, பிடித்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரியில் ஒரு கட்டட ஒப்பந்த அலுவலகத்தில் பில்லும் பட்டுவாடாவும் பார்க்கிறேன். ஓசூர், பர்கூர், பாலக்கோடு, தருமபுரி என்று ஒரே சமயத்தில் நாலைந்து சைட் ஓடும். மாதச் சம்பளத்துக்கு இருப்பவர்கள் ஏழு பேர்தான். சென்ட்ரிங், கம்பி, கட்டு வேலை, பூச்சு, டைல்ஸ், பிளம்பிங், ஒயரிங், பெயின்ட் எல்லாமே தனித்தனி ஒப்பந்தக்காரர்களிடம் போகிறது. புதிதாக ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கியவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் போன் போட்டு, "அக்கா, இந்த ஆளுக்குக் காசு விடலாமா, நிறுத்தலாமா" என்று கேட்பார்கள். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

ஆள் வாரியாகக் கணக்கு வைப்பதா, சைட் வாரியாகவா?

இரண்டும் வேண்டும், ஆனால் ஒரே தாளில் வேண்டாம். ஆட்களுக்கு ஒரு பட்டியல்: யார், பான் எண், வங்கிக் கணக்கு, என்ன வேலை செய்பவர். சைட்டுக்கு ஒரு பட்டியல்: எந்த ஊர், யாருடைய கட்டடம், எப்போது தொடங்கியது, முடிந்ததா. இந்த ஆள் இந்த சைட்டில் இந்த வேலையை இந்த ரேட்டுக்கு எடுத்திருக்கிறார் என்பது மூன்றாவது தாள். ஒரே டைல்ஸ்காரர் மூன்று சைட்டில் வேலை எடுத்தால் மூன்றாவது தாளில் அவருக்கு மூன்று வரி இருக்கும், அவ்வளவுதான்.

காசு வெளியே போகும்போது பார்க்க வேண்டியது அந்த மூன்றாவது தாளின் வரியை. "அவர் நல்ல ஆள், பத்து வருஷமாகத் தெரியும்" என்பது முதல் தாளுக்கான விஷயம். பாலக்கோட்டில் அவர் செய்த வேலைக்கு இந்த வாரம் காசு உண்டா என்பதற்கு அது பதிலாகாது. பலர் ஆளைப் பார்த்துக் காசு கொடுத்துவிட்டு, வருஷக் கடைசியில் எந்த சைட்டில் எவ்வளவு போனது என்று தெரியாமல் தலையைப் பிடித்துக்கொள்வார்கள்.

பெயரை வைத்தே தேடிக்கொள்ளலாமே, ஆளுக்கொரு எண் எதற்கு?

ஓசூர் பக்கம் எத்தனை முனிராஜ், தருமபுரி பக்கம் எத்தனை மாதேஷ் என்று எண்ணிப் பாருங்கள், இந்தக் கேள்வி வராது. எங்களிடமே ஒரு காலத்தில் மூன்று மாதேஷ் இருந்தார்கள், அதில் இரண்டு பேர் பெயின்டர்கள். "பாப்பாரப்பட்டி மாதேஷ்", "பென்னாகரம் மாதேஷ்" என்று பேச்சில் பிரித்துவிடலாம், வங்கிக்குப் பணம் அனுப்புகிற தாளில் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள், அந்த எண்ணை வேறு யாருக்கும் மறுபடி கொடுக்காதீர்கள், அவர் வேலையை விட்டுப் போனாலும்கூட. சைட்டுக்கும் அப்படித்தான். பர்-3 என்றால் பர்கூரில் நாங்கள் எடுத்த மூன்றாவது வேலை.

ஒருவர் "பணம் பெறத் தகுதியானவர்" என்று எப்போது சொல்வீர்கள்?

இரண்டு கட்டம் இருக்கிறது. முதல் கட்டம் ஆளுக்கு: பான் சரியாக இருக்கிறதா, வங்கிக் கணக்கு அவர் பெயரில்தானா, ஜிஎஸ்டி இருந்தால் எண் என்ன. இதை ஒருமுறை பார்த்தால் போதும், வருஷத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்ளலாம். இரண்டாவது கட்டம் அந்த சைட்டின் வரிக்கு: ஒர்க் ஆர்டர் (பேசிய வேலையையும் ரேட்டையும் எழுதிய தாள்) இருக்கிறதா, அளவு எடுத்தாயிற்றா, இன்ஜினியர் கையெழுத்துப் போட்டாரா, முன்பணம் எவ்வளவு நிற்கிறது, போன வாரம் வாங்கிய பணத்தில் தன் ஆட்களுக்குக் கூலி கொடுத்துவிட்டாரா. இது ஒவ்வொரு பில்லுக்கும்.

எங்கள் தாளில் அந்த வரிக்கு நேராக மூன்றில் ஒன்று எழுதியிருக்கும்: கொடுக்கலாம், நிறுத்தி வை, முடிந்தது. "நிறுத்தி வை" என்று எழுதினால் பக்கத்தில் காரணம் எழுதியே ஆகவேண்டும், "பார்க்கணும்", "பேசணும்" என்பதெல்லாம் காரணம் ஆகாது. "ஹால் பூச்சில் வெடிப்பு, சரிசெய்த பிறகு" என்று இருந்தால்தான் அந்த மேஸ்திரி போன் செய்யும்போது யார் எடுத்தாலும் ஒரே பதிலைச் சொல்ல முடியும். முதல் கட்டத்தை வேலை தொடங்கும் முன்பே முடித்துவிடுங்கள். வேலையெல்லாம் முடிந்து, ஆட்கள் கேட்டுக்கு வெளியே கூலிக்கு நிற்கும்போது பான் கார்டு எங்கே என்று கேட்பது நியாயமும் இல்லை, நடக்கவும் நடக்காது.

என்னென்ன காகிதம் வாங்க வேண்டும்?

பான், வங்கி பாஸ்புக்கின் முதல் பக்கம் அல்லது கேன்சல் செக், முகவரிக்கு ஏதாவது ஒன்று, போன் எண். ஜிஎஸ்டி, உத்யம் (குறு, சிறு தொழில்) பதிவு இருந்தால் அதன் நகல். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா என்றும் கேட்டுக் குறித்துக்கொள்வேன். அது இல்லை என்று காசை நிறுத்துவதில்லை, ஆனால் 18 முதல் 60 வயதுக்குள் இருப்பவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்பதே நிறைய பேருக்குத் தெரியவில்லை, சொன்னால் செய்துகொள்கிறார்கள்.

தலைவலி எங்கே வருகிறது என்றால் இனிஷியலில். பாஸ்புக்கில் இனிஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து அதுவே குடும்பப் பெயர்போல நிற்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பானில் எப்படி இருக்கிறதோ அதையே உங்கள் பட்டியலில் பெயராக எழுதிக்கொண்டு, கூப்பிடும் பெயரைத் தனி கட்டத்தில் போடுங்கள். வங்கிக்குப் புதிதாகக் கணக்கைச் சேர்த்தால் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று அவரிடமே கேட்டுக்கொள்வது என் வழக்கம்.

அப்புறம், ஆதார் நகலை சைட் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லாதீர்கள். ஐம்பது பேர் இருக்கிற குழுவில் ஒருவருடைய ஆதார் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

ஒர்க் ஆர்டர் எழுதித்தான் ஆகவேண்டுமா? எங்கள் பக்கம் வாய்ப்பேச்சுதான்.

எங்கள் பக்கமும் வாய்ப்பேச்சுதான். பேசிய பிறகு அதையே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிவிடுகிறோம், வக்கீல் மொழியெல்லாம் இல்லை. எந்த சைட், என்ன வேலை, ரேட் சதுர அடிக்கா கன அடிக்கா மொத்தமாகவா, பொருள் யாருடையது, சாரம் யாருடையது, எத்தனை நாளில், எத்தனை சதவீதம் பிடித்து வைப்போம், அது எப்போது திரும்பும். இரண்டு கையெழுத்து, ஒரு போட்டோ. சாரத்தை எழுதாமல் விட்டால் கண்டிப்பாகச் சண்டை வரும், சவுக்குக் கம்பு வாடகை யார் தலையில் என்று.

அளவில்தான் தகராறு வருகிறது. யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

யார் ஒருவர் சொல்வதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள், டேப்பின் ஒரு முனை நம் ஆள் கையிலும் மறுமுனை அவர் கையிலும் இருக்கட்டும். அளந்த இடத்திலேயே அளவுப் புத்தகத்தில் எழுதி, அங்கேயே இரண்டு பேரும் கையெழுத்து. அலுவலகத்துக்கு வந்து எழுதிக்கொள்ளலாம் என்று துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்தால் அந்தச் சீட்டு சட்டைப் பையோடு துவைக்கப் போய்விடும், எனக்கு நடந்திருக்கிறது.

பூச்சு வேலையை எடுத்துக்கொள்வோம், சண்டை அதிகம் வருவது அதில்தான். 12க்கு 10 அடி அறை, உயரம் 10 அடி. சுற்றளவு 44 அடி, ஆக சுவர் 440 சதுர அடி. அதில் கதவு 7க்கு 3, அதாவது 21 சதுர அடி. சன்னல் 4க்கு 4, 16 சதுர அடி. மேஸ்திரி கதவு சன்னலைக் கழிக்கவே கூடாது என்பார், ஓரம் மடிப்பு எல்லாம் பூசியிருக்கிறேனே என்று. வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் முழுசாகக் கழி என்பார். அளவெடுப்பதற்கான இந்தியத் தரம் ஐஎஸ் 1200 நடுவில் ஒரு வழி சொல்கிறது: அரை சதுர மீட்டர் வரை உள்ள திறப்பைக் கழிப்பதில்லை, அரைக்கு மேல் மூன்று சதுர மீட்டர் வரை இருந்தால், இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. அடிக்கணக்கில் சொன்னால் அஞ்சரை சதுர அடிக்குள் இருக்கிற வென்டிலேட்டருக்குக் கழிவு இல்லை, சுமார் 32 சதுர அடி வரை உள்ள சாதாரண கதவு சன்னலுக்கு ஒரு பக்கக் கழிவு. இப்படிப் பேசிக்கொண்டாலும் சரி, வேறு மாதிரி பேசிக்கொண்டாலும் சரி, ஒர்க் ஆர்டரில் ஒரு வரி எழுதிவிடுங்கள். 14 சன்னல் உள்ள வீட்டில் ஒரு முகத்துக்கே 224 சதுர அடி வித்தியாசம் வரும், அது ஒரு நாள் கூலிக்கு மேல்.

முன்பணத்தை எந்த சைட்டில் எழுதுவது?

எந்த சைட்டுக்காக வாங்கினாரோ அந்த சைட்டில். கேட்க எளிதாக இருக்கிறது, நான் இதில் நன்றாக அடி வாங்கியிருக்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பூச்சு மேஸ்திரி ஆடிப்பெருக்குக்கு முன்னால் வந்து பர்கூர் வேலைக்கு என்று 18,000 முன்பணம் வாங்கினார். ஆடி 18க்கு எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஒகேனக்கல் போய்விடுவார்கள், அந்த வாரம் எல்லோருக்கும் பணம் வேண்டும், நானும் கொடுத்தேன். திரும்பி வந்தவர் பர்கூருக்குப் போகாமல் பாலக்கோடு சைட்டில் இறங்கிவிட்டார். அந்த வேலை முடிந்து பில் வந்தது. ஆள் ஒன்றுதானே என்று நான் பர்கூர் முன்பணத்தைப் பாலக்கோடு பில்லில் பிடித்துவிட்டேன். பாலக்கோட்டில் அவர் தனியாக வேலை எடுக்கவில்லை, மொரப்பூர்க்காரர் ஒருவரோடு பாதிக்குப் பாதி கூட்டு என்பது எனக்குத் தெரியாது. கூட்டாளி வாங்காத முன்பணம் அவர் பங்கிலும் பாதி பிடிபட்டுவிட்டது. அவர் திங்கட்கிழமை காலை அலுவலகம் திறக்கும் முன்பே வாசலில் உட்கார்ந்திருந்தார். சத்தமெல்லாம் போடவில்லை, "என் கையெழுத்து எதிலாவது இருக்கா, காட்டுங்கம்மா" என்று மட்டும் கேட்டார். என்னிடம் காட்ட ஒன்றுமில்லை. முதலாளி கையிலிருந்து 9,000 கொடுத்து அனுப்பினார், எனக்கு அன்று மதியம் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து முன்பணம் என்பது மூன்றாவது தாளின் வரியில்தான் ஏறும். ஒரு சைட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டுமென்றால் ஒரு வவுச்சர் எழுதி, அவர் கையெழுத்து வாங்கி, இரண்டு சைட்டிலும் காட்டுவோம். பிள்ளை ஃபீஸ், வீட்டுக் காரியம் என்று கேட்பது வேலைக்கான முன்பணமே இல்லை, அது கைமாற்று. முதலாளி கொடுப்பதாக இருந்தால் தன் கணக்கில் கொடுக்கட்டும், சைட்டில் எழுத வேண்டாம்.

டிடிஎஸ் எப்போது பிடிக்க வேண்டும்? ஒரு சைட்டுக்கு ஒரு லட்சம் தாண்டினால்தானே?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது, அதிலும் "ஒரு சைட்டுக்கு" என்பதில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஒப்பந்த வேலைக்கான டிடிஎஸ் (காசு கொடுக்கும்போதே நாம் பிடித்து அரசுக்குக் கட்டுகிற வருமானவரி), பழைய சட்டத்தில் 194சி என்று எல்லோருக்கும் மனப்பாடமான பிரிவு (2026 ஏப்ரல் 1 முதல் வந்த புதிய வருமானவரிச் சட்டத்தில் இது 393ஆம் பிரிவுக்குள் போயிருக்கிறது), சொல்வது இதுதான்: ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேல், அல்லது ஒரு நிதியாண்டில் எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்துக்கு மேல் போனால் பிடிக்க வேண்டும். தனிநபருக்கு 1 சதவீதம், கூட்டு நிறுவனம், கம்பெனிக்கு 2 சதவீதம். அந்த ஒரு லட்சம் ஆளுக்கு, சைட்டுக்கு இல்லை.

ஒரு பிளம்பர் இருக்கிறார். ஓசூரில் 22,000, பர்கூரில் 28,000, பாலக்கோட்டில் 26,000 வாங்கினார். எதுவும் 30,000 தாண்டவில்லை, மொத்தம் 76,000, பிடிக்கத் தேவையில்லை. நாலாவதாகத் தருமபுரியில் 27,000க்குப் பில் வருகிறது. தருமபுரி தாளை மட்டும் பார்த்தால் சின்னத் தொகை, விட்டுவிடுவோம். ஆனால் ஆள் கணக்கில் 1,03,000 ஆகிவிட்டது, இனி முழு 1,03,000க்கும் 1 சதவீதம், 1,030 ரூபாய் பிடிக்க வேண்டும், அதுவும் இந்த ஒரு பில்லில். முன்கூட்டியே சொல்லாவிட்டால் அவர், "27,000க்கு 270தானே, ஏன் ஆயிரம் பிடிச்சீங்க" என்று கேட்பார், கேட்க வேண்டியதுதான். அதனால் ஆள் 80,000 தொட்டதும் எங்கள் தாளில் அந்தக் கட்டம் மஞ்சளாகிவிடும், நான் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுவேன்.

பிடித்ததை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், மார்ச் மாதத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை. பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டு மீதிக்குத்தான் டிடிஎஸ். முன்பணமாகக் கொடுத்தாலும் வரம்பு தாண்டினால் கொடுக்கும்போதே பிடிக்க வேண்டும். நீங்கள் தனிநபராகத் தொழில் செய்து, போன வருஷ விற்றுமுதல் ஒரு கோடிக்குள் என்றால் இந்தப் பிடித்தமே உங்கள் வேலை இல்லை, ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பங்குதாரர் நிறுவனமோ கம்பெனியோ என்றால் விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் பிடிக்கத்தான் வேண்டும்.

பான் இல்லை, ஆனால் நல்ல வேலைக்காரர். என்ன செய்வது?

பிடித்தம் வருகிற இடத்தில் பான் இல்லையென்றால் 20 சதவீதம். 40,000 பில்லில் 400க்குப் பதிலாக 8,000. இதைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் போதும், வேறு உபதேசம் தேவையில்லை, ஒரு வாரத்தில் பானோடு வந்துவிடுவார்கள். ஆதாரோடு இணைக்காமல் செயலிழந்த பானுக்கும் இதே கதிதான், கார்டு கையில் இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், இணையதளத்தில் அடித்துப் பாருங்கள்.

தம்பி பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பார்கள். வேண்டாம். வேலை செய்தவர் ஒருவர், வருமானம் காட்டுவது இன்னொருவர் பெயரில் என்றால் நாளைக்கு இரண்டு பேருக்கும் பதில் சொல்வது நீங்கள்.

பிடித்தமெல்லாம் போக ஒரு பில் எப்படி இருக்கும்?

டைல்ஸ் 1,850 சதுர அடி, எடுத்துக்காட்டுக்கு ரேட் 22 என்று வைப்போம். 40,700. இதில் டிடிஎஸ் 1 சதவீதம் 407. பிடித்து வைப்பது 5 சதவீதம், 2,035. இந்த சைட்டில் வாங்கிய முன்பணம் 15,000. கையில் போவது 23,258. டிடிஎஸ் முழு 40,700க்கும், பிடித்து வைத்ததைக் கழித்துவிட்டு இல்லை. இந்த நாலு வரியையும் ஒரு சீட்டில் எழுதி போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டுத்தான் பணத்தை அனுப்புவேன். வெறும் 23,258 என்று மெசேஜ் போனால் அரை மணியில் போன் வரும்.

அந்த 2,035 அவருடைய காசு என்பதை மறக்காதீர்கள். வேலை முடிந்து ஆறு மாதம் என்று பேசியிருந்தால் அந்தத் தேதி உங்கள் தாளில் இருக்க வேண்டும், அவர் ஞாபகப்படுத்தட்டும் என்று காத்திருப்பது கெட்ட பழக்கம். பாதிப்பேர் கேட்கவே கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள், அப்புறம் நல்ல ஆட்கள் ஏன் அடுத்த வேலைக்கு வருவதில்லை என்று நாம் யோசிக்கிறோம்.

ஒரு பகுதியில் குறை இருக்கிறது. முழு பில்லையும் நிறுத்தலாமா?

குறை இருக்கிற பகுதிக்கு உரியதை மட்டும் நிறுத்துங்கள். இரண்டு பாத்ரூமில் ஒன்றில் தண்ணீர் வாட்டம் சரியில்லை என்றால் அந்த பாத்ரூம் அளவு தனியாக நிற்கட்டும், மற்றதை விடுங்கள். பர்கூரில் குறை என்று ஓசூர் பில்லை நிறுத்துவதும் வேண்டாம். ஆள் ஒன்றானாலும் வேலை வேறு, அதற்குத்தான் வரியைப் பிரித்தோம்.

மேஸ்திரிக்குக் கொடுத்தாயிற்று, அவர் ஆட்களுக்குக் கொடுக்கவில்லை. நமக்கென்ன?

நமக்கும் இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தக்காரர் கூலி கொடுக்காமல் விட்டால் வேலை கொடுத்தவர் கொடுத்துவிட்டு, ஒப்பந்தக்காரரிடம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் இருக்கிறது. எத்தனை ஆட்களுக்கு மேல் எந்தச் சட்டம் என்பதில் வரம்புகள் உண்டு. ஆனால் ஞாயிறு மதியம் சித்தாள் பெண்கள் ஆறு பேர் அலுவலக வாசலில் வந்து நிற்கும்போது நீங்கள் வரம்பைப் படித்துக்கொண்டிருக்க முடியாது.

நாங்கள் செய்வது: ஐந்து ஆளுக்கு மேல் கூட்டி வருகிற மேஸ்திரி, போன பில்லுக்கான கூலிச் சீட்டைக் கையெழுத்தோடு கொடுத்தால்தான் அடுத்த ரன்னிங் பில் (வேலை நடக்கும்போதே அவ்வப்போது போடும் பில்) "கொடுக்கலாம்" ஆகும். முதலில் முறுக்கிக்கொண்டார்கள். ஒரு மேஸ்திரி, "என்னை நம்பலையா அக்கா" என்று கேட்டார். "உங்களை நம்புறேன் அண்ணா, சீட்டும் வேணும்" என்றேன். இப்போது அவரே முதல் ஆளாகக் கொண்டு வருகிறார், ஆட்கள் வாங்கியதை இல்லை என்று சொன்னால் அவருக்கும் அது ஆதாரம்.

வடமாநில ஆட்கள் உள்ள குழுவில் இதை இன்னும் கண்டிப்பாகப் பாருங்கள். மொழி தெரியாததால் அவர்கள் வாசலுக்கு வந்து கேட்பதில்லை.

வீட்டுக்காரம்மா நம்பருக்கு ஜிபே போடச் சொல்கிறார். போடலாமா? பணமாகக் கொடுத்தால்?

அவர் கணக்குக்கே போடுங்கள். ரொம்ப நெருக்கடி என்றால் அவர் கைப்பட ஒரு கடிதம், இந்த பில், இந்தத் தொகை, இன்னார் கணக்குக்கு என்று. குடும்பத்துக்குள் பிரச்சினை வந்தால் "எனக்கு வரவே இல்லை" என்ற பேச்சு வரும், பார்த்திருக்கிறேன்.

ரொக்கம் ஒரு நாளில் ஒருவருக்கு 10,000க்கு மேல் போனால் அதைச் செலவாகக் காட்ட முடியாது. வங்கி லீவு என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை, 2019 டிசம்பரிலிருந்து நெஃப்ட் வங்கிப் பரிமாற்றம் எல்லா நாளும் எல்லா நேரமும் ஓடுகிறது.

ஜிஎஸ்டி உள்ள ஒப்பந்தக்காரருக்கு வேறு ஏதாவது?

சேவைக்கு வருஷம் 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை, ஆகவே சின்ன ஆட்கள் பெரும்பாலும் பதிவு இல்லாதவர்கள்தான். பதிவு உள்ளவர் ஜிஎஸ்டியோடு பில் போட்டால், அந்தப் பில் ஜிஎஸ்டி தளத்தில் நம் 2பி-யில் (நமக்குப் போட்ட பில்களின் பட்டியலில்) தெரியும்வரை வரித் தொகையை மட்டும் நிறுத்தி, வேலைத் தொகையை விட்டுவிடுவோம். இதை ஒர்க் ஆர்டரிலேயே எழுதியிருக்கும். பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி இருந்தால் அந்த பில்லையே திருப்பிவிடுங்கள்.

எவ்வளவு நாள் வரை இழுக்கலாம்?

இழுக்கலாமா என்று கேட்கும்போதே பதில் தெரிந்துதான் கேட்கிறீர்கள். உத்யம் பதிவுள்ள குறு, சிறு நிறுவனம் என்றால் எழுத்தில் தவணை பேசியிருந்தாலும் 45 நாளுக்குள், பேசவில்லை என்றால் 15 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இடி சட்டம். தாண்டி நிலுவையில் நின்றால், வருமானவரிக் கணக்கில் அந்தச் செலவை உண்மையில் கொடுத்த வருஷத்தில்தான் கழிக்க முடியும். கட்டட ஒப்பந்தத்துக்கு இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்று ஆடிட்டர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எங்களுக்கு வீட்டுக்காரர் பணம் தாமதமானாலும் பூச்சு, கம்பி ஆட்களுக்குச் சனிக்கிழமை தவறினதில்லை. மாங்காய் சீசனில் இந்தப் பக்கம் ஆள் கிடைப்பதே கஷ்டம், கூழ் தொழிற்சாலைக்கும் தோப்புக்கும் போய்விடுவார்கள். அப்போது சைட்டுக்கு வருவது காசு ஒழுங்காக வரும் இடத்துக்குத்தான்.

நிஜமாகவே இவர் ஒப்பந்தக்காரர்தானா, சம்பள ஆளா?

சொந்தக் கருவி, தன் ஆட்கள், ரேட்டைத் தானே பேசுவார், வேறு இடத்திலும் வேலை எடுப்பார் என்றால் ஒப்பந்தக்காரர். காலை 9 மணிக்குக் கையெழுத்து, நாம் சொன்னதைச் செய்வார், மாதாமாதம் ஒரே தொகை, மூன்று வருஷமாக இங்கேயே என்றால் பெயரை எப்படி எழுதினாலும் அவர் வேலையாள். 10 பேர் ஆனால் இஎஸ்ஐ, 20 பேர் ஆனால் பிஎஃப் என்று கணக்குப் போடும்போது அவர்களும் சேருவார்கள். எங்களிடம் ஒரு எலக்ட்ரீஷியன் இப்படித்தான் இருந்தார், இப்போது சம்பளப் பட்டியலில் இருக்கிறார்.

இதற்கு சாஃப்ட்வேர் வாங்கணுமா?

முப்பது ஆளுக்குள், ஐந்தாறு சைட்டுக்குள் என்றால் எக்செல் போதும். மூன்று தாள், அவ்வளவுதான். ஒருவர் மட்டும் மாற்றுகிற மாதிரி வையுங்கள், இன்ஜினியர் ஒரு பிரதி, முதலாளி ஒரு பிரதி என்று ஆளுக்கொன்று வைத்தால் மூன்றும் மூன்று கணக்குச் சொல்லும்.

எல்லாம் பழைய நோட்டில் கிடக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

முடிந்துபோன சைட்டைக் கிளறாதீர்கள். இப்போது ஓடுகிற சைட்டை மட்டும் எடுத்து, ஒவ்வொரு ஆளையும் கூப்பிட்டு உட்கார வைத்து, இதுவரை வேலை இவ்வளவு, வாங்கியது இவ்வளவு, நிற்பது இவ்வளவு என்று பேசி முடித்து, கையெழுத்து வாங்கி, அந்தத் தொகையைப் புதுத் தாளில் முதல் வரியாக எழுதுங்கள். எங்களுக்கு இது இரண்டு சனிக்கிழமை பிடித்தது, டீ செலவு தனி. டிடிஎஸ்சுக்காக ஏப்ரலிலிருந்து யாருக்கு எவ்வளவு போயிருக்கிறது என்பதை மட்டும் பழைய நோட்டிலிருந்து ஆள் வாரியாகக் கூட்டிக்கொள்ள வேண்டும், அதற்குக் குறுக்கு வழி இல்லை. முடிந்த சைட்டுகளில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தேடுங்கள், யாருக்காவது பிடித்து வைத்த 5 சதவீதம் தேதி தாண்டி நிற்கிறதா என்று. நாங்கள் தேடியபோது நாலு பேர் கிடைத்தார்கள், அதில் ஒரு கம்பி கட்டுகிறவருக்குப் போன் செய்தபோது அவர் ராயக்கோட்டை பக்கம் தக்காளி போட்டுக்கொண்டு கட்டட வேலையையே விட்டிருந்தார். 3,400 ரூபாய் வரணும் என்றதும், "எந்த வேலைக்குங்க?" என்று கேட்டார்.